பால் குழாயை வெட்டலாமா? ஒரு சின்ன ஆபரேஷனின் கதை

டாக்டர்கிட்டகூட சொல்லக் கூச்சப்படுற ஒரு விஷயம் இன்னைக்கு: உள்ளே இழுத்துக்கிட்டு இருக்கிற மார்பகக் காம்பு, அதாவது இன்வர்ட்டட் நிப்பிள்.

நிறைய பேருக்கு இது பிறவியிலேயே இருக்கும். காம்புக்குக் கீழே பால் குழாய்கள் குட்டையா இருக்கும், சுற்றியிருக்கும் நார்த்திசு காம்பை உள்பக்கமா இழுத்துப் பிடிச்சிருக்கும். லண்டன் சர்ஜன் ஆஸ்ட்லி கூப்பர் 1840-ல் மார்பக உடற்கூறு பற்றிய தன் புத்தகத்தில் இதை விவரித்தார்.

இதைச் சரிசெய்ய ஆபரேஷன் வந்தது 1870-களில். செய்தவர் ஜெர்மனியின் ஃபெர்டினாண்ட் அடால்ஃப் கேரர். இவர் அழகு சிகிச்சை டாக்டர் இல்லைங்க, பிரசவ டாக்டர். 1881-ல் நவீன சிசேரியனுக்கு வழி காட்டினவரும் இவர்தான். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத் தோலில் கொஞ்சம் வெட்டியெடுத்து, காம்பை வெளியே கொண்டுவரப் பார்த்தார். காரணம், குழந்தை வாயில் காம்பு சிக்கணும். நம்பகமான புட்டிப்பால் இல்லாத அந்தக் காலத்தில் அது உயிர்ப் பிரச்சினை.

அடுத்த நூறு வருஷத்தில் ரெக்வயர்மென்ட் மாறிடுச்சு. தோற்றம் முன்னாடி வந்தது. 1976-ல் அமெரிக்க சர்ஜன்கள் பிராட்பென்ட், உல்ஃப் வெளியிட்ட முறையில் இழுத்துப் பிடிக்கிற பால் குழாய்களையே வெட்டிடுவாங்க. காம்பு வெளியே நிற்கும். ஆனா வெட்டின குழாய் வழியா பால் வராது. எதுக்காக ஆரம்பிச்ச ஆபரேஷனோ, அதுவே காணாமப் போச்சு!

1999-ல் கொரியாவின் ஹான், ஹாங் இருவரும் இதை மூணு நிலையா பிரிச்சாங்க. முதல் நிலையில், விரலால் இழுத்தா காம்பு வெளியே வந்து அப்படியே நிற்கும். இரண்டாவதில் வரும், ஆனா திரும்ப உள்ளே போயிடும். மூணாவதில் இழுத்தாலும் வராது. முதல் ரெண்டு நிலையிலும் பெரும்பாலும் குழாயைக் காப்பாத்தலாம். மூணாவதில்தான் வெட்ட வேண்டி வரலாம்.

அதனால ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க: "டாக்டர், எனக்கு எந்த நிலை? பால் குழாயை வெட்டுவீங்களா?" குழந்தை பெத்துக்கணும்னு எண்ணம் இருந்தா அதையும் சொல்லிடுங்க. ஆபரேஷன் செய்யாமலே பால் கொடுக்கிற அம்மாக்களும் நிறைய பேர் இருக்காங்க.

இதெல்லாம் பிறவியில் இருந்தா. இத்தனை நாள் சரியா இருந்த காம்பு திடீர்னு உள்ளே போச்சுன்னா, அது புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். கூச்சத்தை ஓரமா வெச்சுட்டு உடனே டாக்டரைப் பாருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.