பிசினில் பிறந்த பெயர்

பாக்டீரியா தனக்கு வேண்டிய பி1 வைட்டமினை அளந்து தயாரிப்பது எப்படி? 2002-இல் யேல் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் பிரேக்கர் குழு இதற்கு விடை கண்டது. வைட்டமின் தயாரிப்புக்கான செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. இழையே, அந்த வைட்டமினின் வழிப்பொருளைப் பிடித்துப் பார்க்கிறது. கையிருப்பு போதும் என்றால் வேறு வடிவத்தில் மடிந்து, செய்தியைப் படித்துப் புரதம் செய்யும் ரைபோசோம் வந்து அமரும் இடத்தை உள்ளே மறைத்துக்கொள்கிறது. தயாரிப்பு தடைபடுகிறது. இடையில் தரகுக்கு ஒரு புரதமும் இல்லை. இதற்கு அவர்கள் வைத்த பெயர் ரைபோஸ்விட்ச்.

பெயரின் முன்பாதியான 'ரைபோ', ஆர்.என்.ஏ. இழையின் முதுகெலும்பில் இருக்கும் ரிபோஸ் என்ற சர்க்கரையிலிருந்து வந்தது. ரிபோஸ் வந்தது அரபினோஸிலிருந்து. அரபினோஸ் வந்தது அரபிப் பிசினிலிருந்து. அந்தப் பிசின் பெரிதும் வடிவது அரபு நாட்டில் அல்ல, சூடானில், நம் கருவேலத்துக்கு உறவான மரங்களில். அரபு வணிகர் கைமாறி ஐரோப்பா போனதால் சரக்குக்கு அவர்கள் பெயர் ஒட்டிக்கொண்டது.

1891-இல் எமில் ஃபிஷரும் ஆஸ்கர் பிலோட்டியும் அரபினோஸிலிருந்து ஒரு புதிய சர்க்கரையைச் செய்தார்கள். இரண்டிலும் அணுக்கள் அதே வகை, அதே எண்ணிக்கை. ஒரே ஒரு கார்பனில் மட்டும் தொகுதிகள் திசை மாறியிருந்தன. பெயரையும் ஏறக்குறைய அதே முறையில் செய்தார்கள். அரபினோஸிலிருந்து இரண்டு 'அ'வையும் ஒரு 'ன்'னையும் கழியுங்கள். மிஞ்சுவதில் 'ப்'பையும் 'இ'யையும் இடம் மாற்றுங்கள். ரிபோஸ் வந்துவிடும். வேதியியலில் பெயர்சூட்டல் பெரும்பாலும் வறண்ட வேலை. இவர்கள் கொஞ்சம் விளையாடியிருக்கிறார்கள்.

அப்போது அந்தச் சர்க்கரையை இயற்கையில் யாரும் கண்டதில்லை. 1909-இல்தான் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஃபீபஸ் லெவீனும் வால்டர் ஜேக்கப்ஸும் நியூக்ளிக் அமிலத்தில் இருப்பது ரிபோஸ் என்று காட்டினார்கள். ஆனால் அது ஃபிஷர் செய்ததன் கண்ணாடிப் பிம்பம்: அவருடையது எல்-ரிபோஸ், உயிரில் இருப்பது டி-ரிபோஸ்.

பின்பாதியின் கதை இன்னும் பழையது. ஆங்கிலத்தில் 'ஸ்விட்ச்' முதலில் குதிரையை விரட்டும் மெல்லிய குச்சி. பிறகு ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் தண்டவாளத் துண்டுக்கு அந்தப் பெயர் வந்தது. நம் ரயில்வேக்காரர்கள் அதைப் 'பாயிண்ட்' என்பார்கள். மின்விளக்கு ஸ்விட்ச் அதற்கும் பிந்தியது. ஆர்.என்.ஏ.வுக்குப் பொருந்துவது தண்டவாளப் பொருளே என்பேன். இழையின் ஒரு பகுதி இந்தத் துணையோடு சேர்ந்தால் ஒரு மடிப்பு, அந்தத் துணையோடு சேர்ந்தால் வேறு மடிப்பு. இழையில் எதுவும் அணைவதில்லை, பாதைதான் மாறுகிறது.

அப்படி மாறும் இழையை வரைந்து செய்வதும் துணை தேடும் வேலைதான். ஆர்.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஏ-வுக்கு யூ துணை, சி-க்கு ஜி துணை. ஜி மட்டும் சி-யோடும் சேரும், தேவைப்பட்டால் யூ-வோடும் சேரும். எந்த இரண்டு மடிப்பு வரைபடங்களைக் கொடுத்தாலும் இரண்டுக்கும் ஒத்துவரும் ஓர் எழுத்துவரிசை கட்டாயம் உண்டு என்று வியன்னாவின் பீட்டர் ஷூஸ்டர் வட்டத்தினர் 1997-இல் நிறுவினார்கள். மூன்று மடிப்பு கேட்டால் அந்த உறுதி கிடையாது. ஒத்துவந்தால் மட்டும் போதாது, இழை உண்மையில் அந்த இரண்டிலும் தங்க வேண்டும். 2001-இல் அவர்கள் வட்டத்திலிருந்தே அதற்கான வடிவமைப்பு முறையும் வந்தது.

பிரேக்கரும் ஸ்விட்ச்சை முதலில் இயற்கையில் தேடவில்லை. 1997-இலேயே அவருடைய ஆய்வகம், ஏ.டி.பி. என்ற மூலக்கூறு வந்து ஒட்டினால் தன்னையே வெட்டும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் ஓர் ஆர்.என்.ஏ.வைச் செய்துவிட்டது. மனிதர் இவ்வளவு எளிதில் செய்ய முடிந்ததைப் பாக்டீரியா செய்யாமலா இருந்திருக்கும் என்ற சந்தேகமே பிறகு தேடலாயிற்று.

ஆனால் இன்று ரைபோஸ்விட்ச் என்று மொட்டையாகச் சொன்னால் பாக்டீரியாவில் இருப்பதைத்தான் நினைப்பார்கள். ஆய்வகத்தில் செய்ததற்குச் 'செயற்கை' என்ற அடைமொழி வேண்டும். ரிபோஸிலும் இதே வழக்கம்தான். அடைமொழி இல்லாமல் எழுதினால் உயிரில் உள்ள டி-ரிபோஸ். முதலில் பிறந்து முதலில் பெயர் பெற்றதை எழுத, முன்னால் ஓர் 'எல்' போட்டாக வேண்டும்.