பெயரறியாக் கிருமியும் பழிசுமந்த மக்களும்

1815 இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர் அதன் மலைச்சரிவுகளிற் கோப்பித் தோட்டங்கள் பெருகின. அங்கு உழைக்க வந்த தென்னிந்தியத் தமிழ் மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வழியாகக் கண்டிக்கு நடந்தே சென்றனர். வழியில் வாந்திபேதி பலரைப் பலிகொண்டது. அந்நோய் கண்டிப் பகுதியிற் பரவியபோது பழியும் அவர்கள் மீதே விழுந்தது. நோய் அவர்களோடு பயணஞ் செய்தது உண்மையே. ஆயின் அதனை ஊட்டியவை மாசுற்ற நீரும் பசியுமே. இவ்வேறுபாட்டை நிறுவும் ஆய்வுகூடம் அன்று இருக்கவில்லை.

1884 இல் கல்கத்தாவில் றொபேட் கொக் வாந்திபேதிக் கிருமியை இனங்கண்டார். எனினும், உணவாலும் நீராலும் பரவும் கிருமிகள் பல. நுணுக்குக்காட்டியில் அவற்றுட் பல ஒன்றுபோலவே தோன்றும். நெருப்புக்காய்ச்சற் கிருமியையும் அதன் இனத்தவற்றையும் பிரித்தறிவது எங்ஙனம்? 1902 இல் இத்தாலியரான அல்டோ கஸ்ரெல்லானி ஒரு வழி கண்டார். இரு கிருமிகளை ஒட்டவைக்கும் குருதிநீரிலிருந்து, ஒரு கிருமியைக் கொண்டு பொதுவான எதிர்ப்பொருள்களை உறிஞ்சி அகற்றினால், எஞ்சுவது மற்றதன் தனித்தன்மையைக் காட்டும். அடுத்த ஆண்டு இலங்கை வந்த அவர் 1915 வரை கொழும்பிற் பணியாற்றினார்.

நாட்கணக்கான இப்பணியைச் சுருக்கியது திணிவுத் திருசியமானி. 1980களில் ஜேர்மனியில் ஹில்லென்காம்ப், கராஸ் ஆகியோரும் ஜப்பானில் தனகாவும் புரதங்களைச் சிதையாது லேசர்க் கதிரால் அயன்களாக்கினர். தனகா 2002 இல் நோபெல் பரிசிற் பங்குபெற்றார். அயன்கள் வெற்றிடக் குழாயில் விரைகையில் இலேசானவை முந்தும், பாரமானவை பிந்தும். அவ்வரிசையே கிருமியின் அடையாளம். 1996 இல் முழுப் பற்றீரியாவையே இவ்வாறு ஆராயலாம் எனக் காட்டப்பட்டது. வளர்த்தெடுத்த கிருமியின் இனம் இன்று சில நிமிடங்களிற் புலனாகிறது.

ஆயினும் வயிற்றுளைச்சலை விளைவிக்கும் சிகெல்லாவையும், குடலில் இயல்பாக வாழும் ஈ.கோலையையும் இக்கருவி வழமையான முறையிற் பிரித்தறிய இயலாது. சல்மொனெல்லாவின் உள்வகைகளையும் அது உறுதியாகக் கூறாது. ஆங்கே, கஸ்ரெல்லானி காட்டிய நெறியில் ஆக்கப்படும் குருதிநீர் இன்றும் துணைநிற்கிறது. மரபணுவரிசை ஆய்வு மேலும் நுட்பமாகப் பிரிக்கிறது.

இந்நுட்பத்தின் பயன் பெயரறிவதோடு முடிவதன்று. நோயாளரிடம் கண்ட கிருமியும் ஒரு கிணற்றிலோ சமையற்கூடத்திலோ கண்ட கிருமியும் ஒரே வகையெனத் தெளிந்தால், நோயின் ஊற்று புலப்படும். அவ்வூற்றைத் திருத்தலாம். அது தெரியாதவிடத்து, அன்று கண்டிச் சாலையில் நடந்தோர் மீது விழுந்த பழி, இன்றும் வறியோரையே தேடிச் செல்லும்.