ஏலம்: ஓர் ஒலிவடிவும் இரு பிறப்பும்

போடிநாயக்கனூரில் ஏலம் ஏலத்துக்கு வருகிறது. முதலில் நிற்பது மணப்பொருள். அடுத்து நிற்பது விற்பனை முறை. ஊருக்கு மேற்கே எழும் மலைத்தொடரைக் கடந்தால் இடுக்கி மாவட்டத்தின் ஏலமலை. அங்கே விளையும் காய்க்குப் போடி நெடுங்காலச் சந்தை. காய் விற்ற முறைக்குக் காயின் பெயரே வந்து ஒட்டிக்கொண்டது என்று எண்ணத் தோன்றும். மொழிச் சான்று அதை மறுக்கிறது.

மணப்பொருளைக் குறிக்கும் ஏலம் பழஞ்சொல். கூந்தலுக்குப் பூசும் மயிர்ச்சாந்துக்கும் அதுவே பெயர். காஞ்சி அம்மனுக்கு ஏலவார்குழலி என்ற பெயர் அதனால் அமைந்தது. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான ஏலாதி, ஏலத்தை முதலாகக் கொண்ட மருந்தின் பெயரைத் தாங்கியது. இச்செடியின் தாவரவியல் பேரினப் பெயரான எலெட்டாரியாவும் மலையாள ‘ஏலத்தரி’யிலிருந்து பிறந்தது. அரி என்பது அரிசி. தமிழில் ஏலரிசி என்போம்.

விற்பனையைக் குறிக்கும் ஏலம் கடல் வழி வந்தது. போர்த்துக்கீசியரின் ‘லெய்லாவ்’ அதன் மூலம். அதற்கு மூலம் அறிவிப்பைக் குறிக்கும் அரபுச் சொல் என்பர். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, இந்தியின் ‘நீலாம்’ என்பதையும் இதே போர்த்துக்கீசியச் சொல்லோடு இணைக்கிறது. மலையாளமே வலுவான சான்று. அங்கே காய் ஏலம், விற்பனை லேலம், இரண்டும் கலக்கவில்லை. மலாய் மொழியிலும் விற்பனை ‘லெலோங்’ எனப்படுகிறது. லகரம் தமிழில் சொல்லுக்கு முதலாகாது. லங்கா இலங்கையானதுபோல முன்னே ஓர் உயிர் சேர்வதே பெருவழக்கு. இங்கோ லகரமே உதிர்ந்தது. உதிர்ந்ததும் சொல் பழைய ஏலத்தின் மேல் போய் விழுந்தது. சாவி, அலமாரி, சன்னல் ஆகிய போர்த்துக்கீசிய வரவுகளுக்கு இந்த விபத்து நேரவில்லை.

ஆங்கிலத்தின் ‘ஆக்ஷன்’ வேறு வழியில் வந்தது. பெருகுதல் என்னும் பொருளுடைய லத்தீன் வேர் அதற்கு உரியது: விலை ஏறிக்கொண்டே போவதை அது குறித்தது. ஆங்கிலேய இந்தியாவில் இதே விற்பனைக்கு ‘அவுட்கிரை’, அதாவது கூவல், என்ற பெயரும் வழங்கியது. அரபு மூலத்தின் கருத்துக்கு அதுவே நெருக்கம்.

தமிழில் பொருள் விலையேற்றம், கூவல் இரண்டையும் கடந்து விரிந்தது. கண்மாய் மீன், புளியமர மகசூல், வங்கியில் மீட்காத நகை எல்லாம் ஏலம் போகின்றன. குடும்ப மானத்தை ஏலம் விடுபவனும் உண்டு. ஏலச்சீட்டில் கணக்கே தலைகீழ்: அதிகக் கழிவுக்கு ஒப்புகிறவருக்கே சீட்டு விழும், பணம் வேண்டுபவர் தமக்கு வரும் தொகையைக் குறைத்துக்கொண்டே போகிறார். லத்தீன் வேர் இங்கே பொருந்தாது. போடியிலுள்ள நறுமணப் பொருள் வாரிய மையத்தில் வணிகர்கள் கணினி முன் அமர்ந்து விலை கேட்கிறார்கள். கூவுவார் இல்லாததால் அரபு மூலமும் அங்கே பொருந்தவில்லை.

வினைகள் இரு சொற்களையும் இன்றும் பிரித்தே வைத்திருக்கின்றன. காயான ஏலம் விளையும், மணக்கும். விற்பனையான ஏலம் விடப்படும், எடுக்கப்படும், போகும். ஆகவே ஒரே தலைச்சொல்லின் கீழ் இரு பொருளாக அடுக்காமல், இவற்றைத் தனித்தனித் தலைச்சொற்களாகப் பதிவதே அகராதிகளுக்கு முறை.