முருகைத் தொட்டிக்கு எந்த வெளிச்சம்? எல்.ஈ.டி. பட்டியும் குழல் விளக்கும்

புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் கடலில் இருக்கும் 'பார் ரீஃப்', இலங்கையின் பெரிய முருகைக்கற்பாறைத் தொகுதிகளில் ஒன்று. 1992இல் 300 சதுர கிலோமீற்றருக்கும் அதிகமான பரப்புடன் அது கடல்சார் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து கடல் அமைதியாகும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை, இந்தக் கரையோரத்தில் சுழியோடிகள் அலங்கார மீன் பிடிக்கிறார்கள். பிடித்த மீன்கள் ஏற்றுமதிக்கு முன் தொட்டிகளில் வைத்துப் பராமரிக்கப்படுகின்றன. வீட்டிலோ விடுதியிலோ கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான்: தொட்டிக்கு மேலே எந்த விளக்கைப் போடுவது?

முருகைக்கு வெளிச்சம் உணவு

முருகை ஓர் உயிரினம். அதன் திசுவுக்குள் வாழும் நுண்ணிய பாசி ஒளிச்சேர்க்கை செய்து, தான் தயாரிக்கும் உணவில் பெரும்பங்கை அதற்குக் கொடுக்கிறது. சூரிய ஒளியின் சிவப்புப் பகுதி முதல் சில மீற்றர் ஆழத்திலேயே நீரில் உறிஞ்சப்பட்டுவிடும். நீலம் ஆழத்துக்குப் போகும். அதனால் முருகைத் தொட்டி விளக்குகளில் 420 முதல் 470 நனோமீற்றர் வரையான நீல ஒளிக்கு முதலிடம் தரப்படுகிறது.

ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் வெளிச்சத்தை 'பார்' (PAR) என்ற அளவால் கணிக்கிறார்கள். பாறையைக் குறிக்கும் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. உச்சி வெயிலில் கடல் மேற்பரப்பில் இது ஏறக்குறைய 2000. தொட்டியில் மென்முருகைகளுக்கு 50 முதல் 150 வரை போதும். கிளைவிடும் கல்முருகைகளுக்கு 200 முதல் 350 வரை தேவை. மீனுக்கு இப்படி எந்த நிபந்தனையும் இல்லை. நாம் பார்க்கவும், அதற்கு இரவு பகல் தெரியவும் வெளிச்சம் இருந்தால் சரி.

குழல் விளக்கு

முருகைத் தொட்டிக்காரர்கள் நீண்டகாலம் நம்பியிருந்தது 'ரீ5' குழல். 16 மில்லிமீற்றர் தடிப்பான இந்தக் குழலின் 54 வொட் வகை சுமார் 115 சென்ரிமீற்றர் நீளம். அதனால் நாலடித் தொட்டிக்குச் சரியாகப் பொருந்தும். குழல் முழுநீளமும் ஒளிர்வதால் வெளிச்சம் சீராகப் பரவும். ஒரு கிளையின் நிழல் அடுத்த கிளையைக் கொல்லாது.

குறைகளும் உண்டு. குழலின் வெளிச்சம் மெல்ல மெல்லக் குறையும். கண்ணுக்குத் தெரியாது, முருகைக்குத் தெரியும். ஆகவே எரிந்துகொண்டிருந்தாலும் 9 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒவ்வொரு குழலிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. பழைய குழலை உடைத்துக் குப்பையிலோ களப்பிலோ போடக்கூடாது.

இனிக் குழல் கிடைப்பதே சந்தேகம். பாதரசம் பற்றிய மினமாட்டா சமவாயத்தை இலங்கை 2017இல் ஏற்றுக்கொண்டது. அதன் உறுப்பு நாடுகள் 2023இல் ஜெனிவாவில் கூடியபோது, நீள்குழல் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்தத் தீர்மானித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுப் பாவனைக்கான ரீ5, ரீ8 குழல்கள் 2023 ஓகஸ்டிலேயே சந்தைக்கு வருவது நின்றுவிட்டது.

'பட்டி' என்றால் இரண்டு பொருள்

எல்.ஈ.டி. பட்டி என்று கடையில் கேட்டால் பெரும்பாலும் தருவது, கூரை அலங்காரத்துக்கு ஒட்டும் 12 வோல்ற் நெகிழ்பட்டி. அது மீன் மட்டும் உள்ள தொட்டிக்குப் போதும், முருகைக்குப் போதாது. மீற்றருக்கு 14 வொட் அளவில் எரியும் ஒரு பட்டியின் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறி, தொட்டியின் அடிக்குப் போகும்போது மிகவும் குறைந்துவிடும். கடற்கரை வீடுகளில் உப்புக்காற்றும் தெறிக்கும் நீரும் அதன் செப்புத் தடங்களை அரித்துவிடும். நீர்புகா உறையுள்ள வகையே ஓரளவு தாங்கும்.

முருகைக்கென்றே செய்யப்பட்ட பட்டி வேறு. அலுமினியச் சட்டத்தில் நீலமும் வெள்ளையுமான எல்.ஈ.டி.கள் வில்லைகளுடன் பதிக்கப்பட்டிருக்கும். விலை அதிகம். ஆனால் பல ஆண்டு உழைக்கும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம். புள்ளி புள்ளியாக ஒளிர்வதால் நிழல் விழும் என்பதே இதன் குறை. ஒன்றுக்குப் பதில் இரண்டு பட்டிகளை இடைவெளி விட்டுப் பொருத்தினால் அது பெரும்பாலும் தீரும்.

மின் கட்டணம்

நான்கு 54 வொட் குழல்களை நாளுக்கு 9 மணித்தியாலம் எரித்தால் மாதம் ஏறக்குறைய 58 அலகு. அதே தொட்டிக்கு 100 வொட் எல்.ஈ.டி. போட்டால் 27 அலகு. வீட்டுப் பாவனை 60 அலகைத் தாண்டும்போது கட்டண அடுக்கே மாறுவதால், மிச்சப்படும் 31 அலகு பட்டியலில் நன்றாகவே தெரியும். வெப்பமும் குறையும். கடல்நீரே 28 பாகையைத் தாண்டும் இந்தக் கரையில், விளக்கின் சூடு தொட்டிக்குள் இறங்காமல் இருப்பது பெரிய விடயம்.

மின்சாரம் நின்றால் விளக்கைப் பற்றி முதலில் பதற வேண்டாம். முருகை இரண்டு நாள் இருட்டைத் தாங்கும். நீரோட்டமும் ஒட்சிசனும் இல்லாமல் சில மணித்தியாலங்களிலேயே மீன் சாகத் தொடங்கலாம். பற்றரியில் ஓடும் காற்றுப்பம்பிதான் முதல் தேவை.

மாற்றும்போது செய்யும் தவறு

குழலைக் கழற்றி எல்.ஈ.டி.யைப் பொருத்தியவர்கள் முதல் நாளே முழு அளவில் எரியவிடுவதுண்டு. அப்போது முருகை தன் பாசியை வெளியேற்றி வெளிறிப்போகும். நீலம் கண்ணுக்கு மங்கலாகத் தெரிவதால் 'இன்னும் கூட்டலாம்' என்று தோன்றும். கண்ணை நம்பக்கூடாது. பாதிக்கும் குறைவான அளவில் தொடங்கி, நாலு முதல் ஆறு கிழமைகளில் படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

1998இலும் 2016இலும் பார் ரீஃபின் ஆழம் குறைந்த பகுதிகள் பேரழிவைக் கண்டதும் இப்படி வெளிறித்தான். அங்கே கடலின் வெப்பம் தொடக்கிவைத்தது. கடும் வெயில் அதை மோசமாக்கும். தொட்டியில் விளக்கைக் குறைக்கலாம், கடலில் அது முடியாது.

ஆகவே கடைசியாக ஒன்று. இலங்கையில் கல்முருகைகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. கடலிலிருந்து உடைத்து எடுப்பது குற்றம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்கும் சைட்டிஸ் அனுமதி வேண்டும். சட்டப்படி பெற்ற முருகை இருந்தால் அதற்கென்று செய்த எல்.ஈ.டி.யை வாங்குங்கள். மீன் மட்டும் என்றால் சாதாரணப் பட்டியே போதும். நல்ல விளக்கு வாங்கிவிட்டோம் என்பதற்காகப் பாரில் ஒரு கிளையை உடைக்க வேண்டாம். அது மறுபடி வளரவே பல ஆண்டுகள் போராடிக்கொண்டிருக்கிறது.