காற்புள்ளியும் வல்லொற்றும்: மாணவர் எழுத்துப் பிழைகளின் வரலாற்றுப் பின்னணி

மாணவர் கட்டுரைகளைத் திருத்தும்போது நாம் அடிக்கடி சிவப்புக் கோடு இடும் இடங்கள் மூன்று. வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகாமல் விடுவது ஒன்று. சேர்த்தெழுத வேண்டியதைப் பிரித்தெழுதுவது மற்றொன்று. நிறுத்தக்குறிகளைப் பொருந்தா இடங்களில் இடுவது பிறிதொன்று. இம்மூன்றையும் கவனக்குறைவு என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடக்கி, ஒரே அளவில் மதிப்பெண்ணைக் குறைப்பது ஆசிரியர் பலரிடம் காணப்படும் வழக்கம். ஆனால், இவை ஒரே காலத்தில் தோன்றிய விதிகளை மீறிய பிழைகள் அல்ல. புணர்ச்சி, மொழியின் ஒலியமைப்போடு பிறந்தது. இலக்கண நூல்களால் பழங்காலத்திலேயே வரையறுக்கப்பட்டது. சொல்லிடைவெளியும் நிறுத்தக்குறியும் அச்சு நூல்களின் வழியே நிலைபெற்றவை. இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ளாமல் திருத்தினால், வழக்கு வேறுபாடு பிழையாகத் தண்டிக்கப்படும். பொருளையே மாற்றிவிடும் பிழையோ சிறு குறையாகக் கடந்துபோகும்.

ஏட்டில் நிறுத்தம்

ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியக்கூடும் என்பதனால் ஏடெழுதுவோர் அதனை விடுத்தனர் என்பர். எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் வேறுபடவில்லை; துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றின. 'தங்கையால்' என்று எழுதியிருப்பின் அதனைத் 'தங்கை + ஆல்' எனவும் பிரிக்கலாம். 'தம் + கையால்' எனவும் பிரிக்கலாம். முன்னும் பின்னும் வரும் சொற்களே அதனை முடிவு செய்யும். சீவகசிந்தாமணி ஏடுகளில் மூலம் எது, உரை எது என்று பிரித்தறிவதற்கே பட்ட பாட்டினை உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் எழுதியுள்ளார்.

இத்தகைய எழுத்தில் வாக்கியம் முடியும் இடத்தைப் படிப்போர் எவ்வாறு அறிந்தனர்? குறிகள் செய்யவேண்டிய வேலையைச் சொற்களே செய்தன. உரையாசிரியர்களின் உரைநடையில் 'என்க', 'என்றவாறு' என்பன ஒரு கருத்து முடிவுறுவதைக் காட்டின. 'அற்றேல்' என்பது தடை எழுவதையும், 'ஆகலின்' என்பது காரணம் முடிந்து முடிபு வருவதையும் காட்டின. இவற்றை வெறும் உரைமரபு என்று கருதிவிட முடியாது. இவை எழுத்தால் இயன்ற நிறுத்தக்குறிகள் எனலாம்.

புணர்ச்சியும் அவ்வாறே பயன்பட்டது. நன்னூல் எழுத்ததிகாரத்தின் ஐந்து இயல்களுள் மூன்று புணர்ச்சிக்கே உரியவை. வேற்றுமைப் புணர்ச்சி, அல்வழிப் புணர்ச்சி என்னும் பகுப்பு, இரு சொற்களுக்கிடையே உள்ள தொடரியல் உறவை ஒலியில் காட்டுவதாகும். 'தந்த பலகை' என்பது பெயரெச்சத்தொடர். ஒருவர் கொடுத்த பலகை. 'தந்தப் பலகை' என்பது யானைத் தந்தத்தால் ஆகிய பலகை. புள்ளியே இடப்படாத ஏட்டில் முன்னது 'தநதபலகை' என்றும் பின்னது 'தநதபபலகை' என்றும் நிற்கும். அந்த ஓர் எழுத்தைத் தவிரப் படிப்பவருக்கு வேறு துணை இல்லை. 'கீரை கடை' என்பது இரண்டாம் வேற்றுமைத்தொகை, ஏவல். மத்தை எடுத்துக் கடையச் சொல்வது. 'கீரைக்கடை' என்பது உருபும் பயனும் உடன்தொக்க தொகை, சந்தையில் இருப்பது. வல்லொற்றை விட்டுவிடும் மாணவர் ஒரு புள்ளியெழுத்தை மட்டும் விடவில்லை. இரு சொற்களின் உறவையே மாற்றிவிடுகிறார். இவ்விடத்தில் ஆசிரியர் கண்டிப்பாக இருப்பதே முறை.

அச்சில் வந்த குறிகள்

1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது முதல், 1713-இல் தரங்கம்பாடியில் அச்சுப்பணி தொடங்கியது வரையிலான செய்திகள் யாவரும் அறிந்தவை. ஏகார ஓகாரங்களுக்குத் தனிக்குறி வழங்கிய வீரமாமுனிவரின் (1680–1747) சீர்திருத்தமும் அத்தகையதே. நிறுத்தக்குறிகளைப் பொறுத்தவரை, தமிழ்ப் பள்ளிப் பாடநூல்களும் உரைநடை நூல்களும் பெருகிய 19-ஆம் நூற்றாண்டே முதன்மையானது. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவலுடன் விவிலிய மொழிபெயர்ப்பில் பணியாற்றிய ஆறுமுக நாவலர் (1822–1879), ஐரோப்பிய நூல்களில் வழங்கிய குறிகளைத் தம் பாடநூல்களிலும் பதிப்புகளிலும் கையாண்டு பரவலாக்கினார். 1852-இல் வெளிவந்த பெரியபுராண வசனத்தைக் கல்லாதவரும் எளிதில் படித்துணரும்பொருட்டுப் பெரும்பாலும் சந்திவிகாரங்களைத் தவிர்த்தே எழுதினார். சந்தி நெகிழ்ந்த இடத்தில் குறி வந்து நின்றது என்பதே நாம் இங்குக் கருதத்தக்கது. பழைய இலக்கியங்களையே சந்தி பிரித்து வெளியிட்ட மர்ரே எஸ். ராஜத்தின் 1950-களின் பதிப்புகள் இப்போக்கின் தொடர்ச்சியாகும்.

இக்குறிகளுக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் தனியே ஆராயத்தக்கவை. காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்பன அளவுப்பெயர்கள். எழுத்தொலியை மாத்திரையால் அளந்த மரபு, நிறுத்தத்தையும் கால், அரை, முக்கால் என அளந்துகொண்டது. அழகிய பெயர்களே, எனினும் இவை ஒரு தவறான எண்ணத்துக்கும் இடமளித்தன. காற்புள்ளி மூச்சின் அளவு என்று மாணவர் கொள்கின்றனர். 'நிறுத்திப் படிக்கும் இடத்தில் காற்புள்ளி இடுக' என்று நாமும் கற்பிக்கிறோம். அதன் விளைவு, 'நம் நாட்டு மக்கள், ஒற்றுமையாக வாழ்கின்றனர்' என எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே காற்புள்ளி விழுகிறது. குறி காட்ட வேண்டியது தொடரின் அமைப்பை. மூச்சின் நீளத்தை அன்று.

பழைய முறையும் புதிய முறையும் ஒரே வரியில் சந்திக்கும்போது சிக்கல் மிகுகிறது. 'பாடத்தைப் படித்துத் தேர்வு எழுதினான்' என்பது சரி. 'பாடத்தைப் படித்து, தேர்வு எழுதினான்' என்பதும் சரி. காற்புள்ளி இட்டபின் புணர்ச்சி இல்லை. 'படித்துத், தேர்வு' என்று எழுதும் மாணவர் இரண்டு முறைகளையும் ஒருசேரப் பின்பற்றுகிறார். வினாக்குறியிலும் இதே நிலைதான். 'அவர் வருவாரா என்று தெரியவில்லை?' என முடிக்கும் மாணவர், 'வருவாரா' என்பதன் ஆகாரமே வினாவைக் காட்டிவிட்டது என்பதையும், முழுத்தொடர் வினா அன்று என்பதையும் உணர்வதில்லை. 'என்று' என்னும் சொல் வினாவைத் தன்னுள் அடக்கி முடித்துவிட்டது. அங்கு முற்றுப்புள்ளியே உரியது.

மலாயும் ஆங்கிலமும் நாள்தோறும் எழுதும் நம் மாணவரிடம் வேறொரு தாக்கமும் உண்டு. அவ்விரு மொழிகளிலும் பெயர்களை அடுக்கும்போது இறுதிப் பெயருக்குமுன் ஓர் இணைப்புச்சொல் வரும். அதே முறையில் 'வாழை, மா மற்றும் பலா' என்று தமிழிலும் எழுதுகின்றனர். 'வாழையும் மாவும் பலாவும்' என எண்ணும்மை கொடுத்தால் காற்புள்ளியே வேண்டா. 'வாழை, மா, பலா ஆகியவை' எனில் 'மற்றும்' வேண்டா.

சொல்லிடைவெளி இன்றும் முற்றாக வரையறைப்படவில்லை. தமிழக அரசின் 1978-ஆம் ஆண்டு ஆணையும், 1983-இல் சிங்கப்பூர் ஏற்றுக்கொண்ட மாற்றமும் எழுத்துவடிவங்களைப் பற்றியவை. இடைவெளியைப் பற்றியவை அல்ல. 2001-இல் வெளிவந்த 'தமிழ் நடைக் கையேடு' இதனை விரிவாக ஆராய்கிறது. 'படித்துக்கொண்டிருந்தான்', 'படித்துக் கொண்டிருந்தான்' என்னும் இரண்டும் நல்ல நூல்களில் காணப்படுகின்றன. ஒரு கட்டுரை முழுவதும் ஒரே முறை பின்பற்றப்பட்டால் மதிப்பெண்ணைக் குறைக்கக் காரணமில்லை. 'தின்றுபார்த்தான்' என்பது அவ்வாறன்று. சேர்த்தெழுதினால் சுவை பார்த்தான் என்பது பொருள். 'தின்று பார்த்தான்' எனப் பிரித்தால், தின்றபின் எதையோ நோக்கினான் என்றும் பொருள்படும்.

இவற்றை வகுப்பில் விளக்க நாம் பரிந்துரைக்கும் பயிற்சி எளியது. பாடநூலிலிருந்து ஒரு பத்தியை எடுத்து, இடைவெளி, புள்ளி, நிறுத்தக்குறி அனைத்தையும் நீக்கி, ஏட்டு முறையில் எழுதி மாணவரிடம் தரலாம். அவர்கள் பிரித்து எழுதி முடித்தபின், எந்த எழுத்து எங்கு வழிகாட்டியது என்று கேட்கலாம். மிகுந்து நிற்கும் ககரத்தையும் பகரத்தையும் அவர்களே சுட்டிக்காட்டுவர்.