வால்வு மூடி கேஸ்கெட் மாற்றுதல் (கம்மின்ஸ் 6பிடி எஞ்சின்)

டீசல் லாரி எஞ்சினின் உச்சியில் ராக்கர் கைகளையும் வால்வு ஸ்பிரிங்குகளையும் மூடியிருக்கும் உலோக மூடிக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே எண்ணெய் கசியாமல் காக்கும் ரப்பர் அடைப்பே வால்வு மூடி கேஸ்கெட். பட்டறைகளில் டேப்பெட் கவர் பேக்கிங் என்பார்கள். ஆண்டுக்கணக்கில் சூட்டில் கிடந்து ரப்பர் இறுகிவிட்டால், அது விளிம்போடு ஒட்டி அழுத்தும் தன்மையை இழக்கிறது. கசிவு அங்கே தொடங்குகிறது.

இந்த வேலையைக் கற்க 6பிடி நல்ல எஞ்சின். கம்மின்ஸ் நிறுவனம் 1980-களில் கொண்டுவந்த இந்த 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின் அமெரிக்காவில் 1989 முதல் 1998 வரை டாட்ஜ் ராம் வண்டிகளில் வந்தது. 1993-இல் உருவான டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம் ஜாம்ஷெட்பூரில் இதே குடும்பத்து எஞ்சின்களைத் தயாரித்ததால் அவை டாடா லாரிகளிலும் இடம்பிடித்தன. ஆறு சிலிண்டருக்கும் ஹெட் ஒன்றுதான், மூடிகளோ ஆறு. ஒவ்வொரு மூடியையும் நடுவில் ஒரே ஒரு போல்ட் பிடித்திருக்கும். இன்ஜெக்டர்கள் மூடிக்கு வெளியே இருப்பதால் டீசல் குழாய்களைக் கழற்ற வேண்டியதில்லை. 1994 முதல் 2003 வரை வந்த ஃபோர்டு 7.3 பவர்ஸ்ட்ரோக்கில் அப்படியல்ல. அதில் இன்ஜெக்டருக்கும் குளோ பிளக்குக்குமான மின் இணைப்புகள் கேஸ்கெட்டிலேயே பொருந்தியிருக்கும். ஓர் இணைப்பு தளர்ந்தாலும் எஞ்சின் திணறும்.

உண்மையில் கடினமான பகுதி கசியும் இடத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பதுதான். மேலே கசியும் எண்ணெய் பிளாக் வழியே இறங்கி, ஓடும்போது விசிறிக் காற்றால் பின்னோக்கிப் பரவுகிறது. கிளட்ச் ஹவுசிங் அருகே சொட்டுவதைப் பார்த்து, கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் போய்விட்டதென்று கியர்பாக்ஸை இறக்குவது பெருஞ்செலவுத் தவறு. டீசல் பம்ப்புக்குப் பின்னால் உள்ள பக்கவாட்டு மூடியின் கசிவும் இப்படியே ஏமாற்றும். எஞ்சினை நன்றாகக் கழுவி, காயவிட்டு, சிறிது நேரம் ஓட்டி, மிக உயரத்தில் ஈரம் தெரியும் இடத்தைத் தேட வேண்டும். வலப்பக்கம் கசிந்தால் எண்ணெய் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்து தீய்ந்த வாடையோடு புகையும். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

எஞ்சின் ஆறிய பின்பே மூடியைத் திறக்க வேண்டும். அதற்கு முன் மூடியைச் சுற்றியுள்ள மண்ணைப் பிரஷ்ஷாலும் காற்றாலும் நீக்க வேண்டும். உள்ளே விழும் மணல் புஷ்ராட் துளைகள் வழியே நேராகக் கீழே இறங்கிவிடும். எல்லா மூடிகளையும் ஒரே நேரத்தில் திறந்து வைப்பதைவிட ஒவ்வொன்றாக முடிப்பது பாதுகாப்பு. பழைய ரப்பரை எடுத்து, இரு விளிம்புகளையும் எண்ணெய்ப் பிசுக்கின்றித் துடைத்து, புதியதை முறுக்கில்லாமல் பொருத்த வேண்டும். சிலிகான் பசை தேவையில்லை. உள்பக்கம் பிதுங்கும் பசைத் துணுக்கு உடைந்து சம்ப்பில் எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடும். போல்ட் தலையின் கீழுள்ள அடைப்பையும் மாற்றிவிடுவது நல்லது; அங்கிருந்தும் கசியும்.

போல்ட்டுக்கு 24 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். கசிகிறதே என்று மேலும் இறுக்கினால் ரப்பர் பிதுங்கிக் கசிவு கூடும்.

மூடி திறந்திருக்கும்போதே வால்வு இடைவெளியையும் சரிபார்த்துவிட வேண்டும். எஞ்சின் குளிர்ந்த நிலையில் உள்ளிழு வால்வுக்கு 0.25 மி.மீ., வெளியேற்று வால்வுக்கு 0.51 மி.மீ. இருக்க வேண்டும். இதை ஃபீலர் கேஜால் அளக்கலாம். மறுபடி பிரிக்கும் கூலி மிச்சம்.

புதிய கேஸ்கெட் போட்டும் சில வாரங்களில் மீண்டும் கசிந்தால் குறை கேஸ்கெட்டில் இருக்க வாய்ப்பு குறைவு. பிரீதர் குழாய் அடைத்திருந்தாலோ, பிஸ்டன் ரிங் தேய்ந்து எரிந்த வாயு கிராங்க் அறைக்குள் இறங்கினாலோ, உள்ளழுத்தம் ஏறி எண்ணெயை வெளியே தள்ளும். பிரீதரைச் சுத்தம் செய்தும் அதிலிருந்து புகை வேகமாக அடித்தால் கேஸ்கெட்டுக்குச் செலவழிப்பது வீண். அந்த எஞ்சினுக்குத் தேவை ரிங் வேலை.