நிறுத்த இயலாத வாசிப்பு: ‘தி கேட் கான்சர்ட்டோ’ எனும் குறும்படம்

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி விழா ஒன்றில் மாணவி ஒருத்தி பியானோ வாசித்தாள். பிரான்ஸ் லிஸ்ட் இயற்றிய இரண்டாம் ஹங்கேரிய ராப்சடியில் ஒரு பகுதி. சிறுவர்க்கென எளிமையாக்கப்பெற்ற வடிவம். வாசிப்புப் பிழையின்றிச் சென்றது. ஆயினும் ஓரிடத்தில் முன்வரிசைப் பிள்ளைகள் கலகலவெனச் சிரித்துவிட்டனர். தான் ஏதோ தவறிழைத்துவிட்டதாக எண்ணிய அம்மாணவி வாசிப்பைப் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். அவள் தவறேதும் செய்யவில்லை. அப்பிள்ளைகளின் மனக்கண்ணில் அவ்விடத்தில் ஒரு பூனையின் விரல் எலிப்பொறியில் சிக்கியிருந்தது, அவ்வளவே.

அப்பூனை டாம், பொறி வைத்தது ஜெர்ரி எனும் எலி. வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா ஆகிய இருவரின் இயக்கத்தில் எம்.ஜி.எம். நிறுவனம் 1947-இல் வெளியிட்ட ‘தி கேட் கான்சர்ட்டோ’ எனும் கார்ட்டூன் குறும்படம் ஏறத்தாழ ஏழு நிமிடங்களே ஓடும். 1940-இல் தொடங்கிய டாம்–ஜெர்ரி வரிசைக்குத் தொடர்ந்து நான்காவது முறையாக ஆஸ்கார் விருதை ஈட்டித் தந்த படம் இது. திரைக்கு வந்து அறுபதாண்டுகளுக்குப் பின் பிறந்த பிள்ளைகளையும் அதே இடத்தில் சிரிக்க வைப்பது எது?

‘படத்தில் பேச்சே இல்லை; ஆகவே மொழி தடையாவதில்லை’ என்பது வழக்கமாகக் கூறப்படும் விடை. மொழியியலில் வாழ்நாளைக் கழித்த நமக்கு இவ்விடை நிறைவளிக்கவில்லை. பேச்சில்லாத படங்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. அவற்றுட் பல இன்று நினைவிலும் இல்லை. சொல் இன்மை ஒரு தடையை அகற்றலாம். அதுவே சிரிப்பை விளைவித்துவிடாது.

அடியும் விழுதலும் நிறைந்த இவ்வகை நகைச்சுவையை ஆங்கிலத்தார் ‘ஸ்லாப்ஸ்டிக்’ என்பர். இச்சொல் முதலில் ஒரு கருவியின் பெயர். பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியில் தழைத்த ‘கொம்மேடியா டெல்லார்த்தே’ எனும் நாடகக் கலையில் கோமாளிப் பாத்திரங்கள் ஒரு கோலை ஏந்தி வருவர். இரண்டு மெல்லிய மரப்பட்டைகளை ஒருபுறம் இணைத்துச் செய்த கோல் அது. அதனால் அடித்தால் பட்டைகள் ஒன்றோடொன்று மோதிப் பேரொலி எழும். அடிபட்டவனுக்கோ வலி இராது. ஓசை பெரிது, நோவு சிறிது என்னும் இவ்வேற்றுமையே இக்கலையின் அடித்தளம். இன்றும் மேலைநாட்டு இசைக்குழுக்களில் தாளக்கருவியாளர் இதே கருவியைக் கையாளுகின்றனர். அடிக்கும் கோல் இசைக்கருவியாகவும் ஆயிற்று என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம். நம் படத்தில் அடியும் இசையும் பிரிக்க முடியாதவை.

கதை எளிது. கறுப்பு மேலங்கி அணிந்த டாம் மேடையேறி, அவையை வணங்கி, பியானோ முன் அமர்கிறது. பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் எழுந்து கம்பியைத் தட்டும். அச்சுத்தியல்களின்மேல் ஜெர்ரி உறங்கிக்கொண்டிருக்கிறது. வாசிப்புத் தொடங்கியதும் அதன் உறக்கம் குலைகிறது. முதலில் இசைநடத்துநரைப் போலக் கைவீசிக் கேலி செய்கிறது. பூனை அதை விரலால் சுண்டி எறிகிறது. பின்னர்ப் பகை முற்றுகிறது. பியானோவின் மூடி விரல்கள்மேல் விழுகிறது. கத்தரிக்கோல் விரலைக் குறிபார்க்கிறது. கட்டை இருக்க வேண்டிய இடத்தில் பொறி இருக்கிறது. ஒரு கட்டத்தில் கைகள் எலியைத் துரத்த, கால்கள் வாசிக்கின்றன.

பூனைக்கு வாசிப்பை நிறுத்த உரிமையில்லை என்பதுதான் இங்கே நாம் காண வேண்டியது. அவை அமர்ந்திருக்கிறது, இசை ஓடிக்கொண்டிருக்கிறது. வலித்தாலும் அலறலாகாது, சினந்தாலும் முகம் மாறலாகாது. செய்யுளில் அடுத்த சீர் எங்கே விழும் என்பதைக் காது முன்னரே அறிந்து காத்திருப்பது போல, இங்கும் அடுத்த சுரம் வந்தே தீரும் என்று நாம் காத்திருக்கிறோம். அச்சுரம் இருக்கும் இடத்தில் பொறி இருப்பதையும் காண்கிறோம். விரல் அங்கே செல்லாதிருக்க வழியில்லை. இவ்வரிசைக்கு இசையமைத்த ஸ்காட் பிராட்லி, அசைவை இசை அடியொற்றிச் செல்லும் முறையில் தேர்ந்தவர். இப்படத்திலோ இசை முன்செல்ல, அசைவு அதனைப் பின்தொடர்கிறது.

இதனை உறுதிசெய்ய ஒப்பீடு ஒன்று கையில் உள்ளது. 1946-இல் வார்னர் நிறுவனம், பிரிஸ் பிரெலெங் இயக்கத்தில் ‘ராப்சடி ராபிட்’ எனும் படத்தை வெளியிட்டது. அதே லிஸ்ட், அதே பியானோ, அதிலும் ஓர் எலி! பூனைக்கு மாற்றாகப் பக்ஸ் பன்னி எனும் முயல். இரு தரப்பாரும் ஒருவர்மீது ஒருவர் களவுப் பழி சுமத்தினர்; அவ்வழக்கு நமக்கு வேண்டாம். வேறுபாடே வேண்டும். இருமித் தொல்லை தரும் இரசிகரை முயல் சுட்டு வீழ்த்துகிறது; வாசிப்பின் இடையே வரும் தொலைபேசி அழைப்பை எடுத்து, லிஸ்ட்டா, அப்படியொருவரைத் தெரியாதே என்ற பொருளில் பேசுகிறது. அருமையான படந்தான், நாமும் சிரித்தோம். ஆயினும் அம்முயல் நினைத்த போது இசையைவிட்டு வெளியேறக்கூடியது. மேடைக்கு அதுவே தலைவன். டாமுக்கு அவ்விடுதலை இல்லை. தொலைபேசி நகைச்சுவைக்கு லிஸ்ட் யாரென அறிந்திருக்க வேண்டும், ஆங்கிலமும் வேண்டும். பொறியில் சிக்கும் விரலுக்கு இரண்டும் வேண்டா.

தொல்காப்பியர் நகைக்குரிய நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலையும் பேதைமையையும் வைத்தார். எலி கைவீசுவது எள்ளல், ஐயமில்லை. பூனையைப் பேதை என்பதற்கு நம் மனம் இசையவில்லை. அது தன் தொழிலில் வல்லது. அவ்வன்மையே அதைக் கட்டிப்போடுகிறது.

இறுதியில் எலி சுத்தியல்களை முறித்துக் கையிலேந்தி, கம்பிகளைத் தானே தட்டி முத்தாய்ப்பு வைக்கிறது. உடை குலைந்த பூனை சோர்ந்து விழ, ஒளிவட்டம் எலியின்மேல் படிகிறது; கைதட்டல் அதற்கே.

அன்று விழா முடிந்தபின், ஆசிரியர் அறைக் கணினியில் அம்மாணவிக்கு இப்படத்தைக் காட்டினோம். அவளும் அதே இடத்தில் சிரித்தாள். பிறகு, “ஐயா, கொஞ்சம் பின்னால் ஓட்டுங்கள்” என்று கேட்டுக்கொண்டு, பூனையின் விரல்கள் சரியான கட்டைகளில்தான் விழுகின்றனவா என்று உற்றுப் பார்க்கத் தொடங்கினாள்.